பழைய காருக்குப் புது சீட்: கடலோர வெயிலைத் தாங்கும் ரெக்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, அம்பாசடரோ போனால் போதும். பக்கத்தில் வருபவர்கள் உடனே போனை எடுத்துவிடுவார்கள். பெயின்ட் மின்னும், குரோம் பளபளக்கும். கதவைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். சமீபத்தில் மாற்றிய சீட்டிலேயே விரிசல், தையல் ஓரத்தில் கிழிசல்.

ஹெரால்டு இந்தப் பகுதிக்குச் சொந்தக்கார கார். 1948-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அதன் தொழிற்சாலை இருந்த பெருங்களத்தூர், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வாகனங்களை 'வின்டேஜ்' எனத் தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு, இந்த கார்களின் மவுசு கூடியிருக்கிறது. ஆனால், சீட்டுக்கு ரெக்சின் வாங்கும்போது பலரும் பார்ப்பது கலரையும் விலையையும் மட்டும்தான்.

ரெக்சின் ஏன் வெடிக்கிறது?

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் விற்ற ஒரு செயற்கைத் தோலின் பிராண்டு பெயர். இன்று நம்ம ஊர் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. பூசிய வினைல். பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது, தண்ணீர்க் குழாய் மாதிரி. அதை வளைய வைப்பது அதில் கலக்கும் 'பிளாஸ்டிசைசர்' என்ற எண்ணெய் போன்ற பொருள்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பி.வி.சி.யையே சிதைக்கும். மிச்சம் இருப்பது காய்ந்த அப்பளம்தான். ஆள் உட்கார்ந்ததும் வெடிக்கிறது.

"லெதர் மாதிரியே இருக்கும் சார்"

கடையில் இப்படிச் சொல்லிக் காட்டுவது பல நேரம் பி.யு. வகை. தொட்டால் மெத்தென்று இருக்கும், சுருக்கம்கூடத் தோல் போலவே விழும். ஆனால், விலை குறைந்த பி.யு. வகைகள் காற்றில் இருக்கும் ஈரத்தோடு வேதிவினை புரிந்து சிதையக்கூடியவை. கடலோரத்தில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. சில வருடத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரியும். கடலோரத்தில் நிற்கும் காருக்கு நல்ல பி.வி.சி. வினைலே பாதுகாப்பான தேர்வு.

படகு இருக்கைகளுக்கான 'மெரைன் கிரேடு' வினைல் கிடைத்தால் இன்னும் நல்லது. புற ஊதாக் கதிர், பூஞ்சை இரண்டையும் எதிர்க்கும் பொருட்கள் அதில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும்.

கடையில் என்ன பார்க்கலாம்?

* திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பின்னல் துணி இருந்தால் இழுவை கிடைக்கும், வளைவான இடங்களில் சுருக்கமில்லாமல் உட்காரும். நெய்த துணி அதிகம் இழுபடாது, தட்டையான பகுதிக்குப் பொருந்தும்.

* மடித்து அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால், சுண்ணாம்புத் தூள் போன்ற மலிவுக் கலப்பு அதிகம் என்று சந்தேகப்படலாம்.

* தேய்மான எண்ணை மட்டும் நம்பாதீங்க. 'விஸன்பீக்' சோதனையில் 30,000 இரட்டை உராய்வைத் தாங்கினாலே அதிகப் பயன்பாட்டுக்குப் போதும் என்பது அமெரிக்க ஜவுளித் துறைச் சங்கத்தின் வழிகாட்டுதல். லட்சக்கணக்கில் எண் போட்டிருந்தால் ஆயுளும் அதே அளவு கூடும் என்று அர்த்தமில்லை. வாரம் ஒருமுறை ஓடும் காரின் சீட் தேய்ந்து போவதைவிட வெயிலில் காய்ந்து போவதுதான் அதிகம். 'யு.வி. ஸ்டெபிலைசர் இருக்கா?' என்று கேட்பதே முக்கியம்.

* சாம்பிள் கேளுங்கள். உள்ளங்கை அளவு துண்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, காரின் டேஷ்போர்டு மேல் ஒரு மாதம் வையுங்கள். இரண்டு பாதிக்கும் நிறத்திலோ வளைவிலோ வித்தியாசம் தெரிந்தால் அந்த ரெக்சின் வேண்டாம்.

* கூடுதலாக அரை மீட்டர் வாங்குங்கள். பின்னால் ஒட்டுப்போட வேண்டி வந்தால், வேறு ரோலில் அதே நிறம் அப்படியே கிடைக்காது.

நூலும் ஸ்பிரிங்கும்

நல்ல ரெக்சினையும் மோசமான தையல் கெடுத்துவிடும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். வெயிலைத் தாங்குவதில் நைலானைவிட பாலியஸ்டர் நூல் மேல். தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஊசித் துளைகள் நெருங்கினால் தபால் தலை ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும்.

கவரைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் இரும்புச் சட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்று அங்கே முதலில் வேலையைக் காட்டியிருக்கும். துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காமல் மேலே புது ரெக்சின் போட்டால், துருப்பிடித்த ஸ்பிரிங் முறிந்து உள்ளிருந்தே குத்திக் கிழிக்கும்.

போட்ட பிறகு?

துடைக்க மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி எடுத்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தூசிதான் ஒட்டும். நிழலில் நிறுத்துவதும், வெயிலில் நிற்க வேண்டியிருந்தால் கண்ணாடிக்குத் திரை போடுவதும் எந்தப் பாலிஷையும்விட உபயோகம். அந்தக் கால அரசு அம்பாசடர்களில் சீட்மேல் விரித்த வெள்ளை டர்க்கி டவல்கூட வெறும் பந்தா இல்லை. வியர்வையையும் வெயிலையும் கொஞ்சம் தடுத்தது.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய கவரைக் குப்பையில் போட்டுவிடாதீங்க. தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆன ஒரு காரின் சீட்டுக்கு, எந்த இடத்தில் எத்தனை வரி, பைப்பிங் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதற்கெல்லாம் கையில் இருக்கும் ஒரே அளவு அதுதான். புதுசைத் தைப்பவர் அதைப் பிரித்து வைத்துத்தான் வெட்ட வேண்டும். அடுத்த முறை தைக்கும்போதும் அது தேவைப்படும்.