செயற்கை நுண்ணறிவும் நம் வீட்டுப் பெண்மக்களும்



காலம் மாறும்போது கடையும் மாறித்தான் வந்திருக்கிறது. படியும் மரக்காலும் போய் மெட்ரிக் எடைகள் வந்தன. தட்டுத் தராசு போய் மின்னணுத் தராசு வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது, இன்று கீரைக் கட்டு விற்கும் அம்மாவிடமும் கோட்டுக் கட்ட அட்டை தொங்குகிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் நம் பேரேடு கணிப்பொறிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் அஞ்சினோம், பிறகு கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்ளத் தாமதித்தவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

இப்போது அந்த வரிசையில் வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி என்னும் சேவை வெளியானது முதல் பள்ளி, கல்லூரி, அலுவலகம் என எங்கும் இதே பேச்சு. மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைவிட முக்கியமாக, நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

இது என்ன இயந்திரம்?

இருபது ஆண்டு பழகிய ஒரு கடைப் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் "சாம்பாருக்கு" என்று சொன்னதுமே துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் மூன்றையும் எடுத்து வைத்துவிடுவார். வந்தவர் வீட்டுச் சமையலறையை அவர் பார்த்ததில்லை. ஆயிரம் பேருக்குக் கட்டிக்கொடுத்த பழக்கத்தால், ஒன்றைச் சொன்னால் அடுத்தது எது என்று அவருக்குத் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவும் ஏறக்குறைய இப்படித்தான். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு அதைப் பழக்கியிருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தைக் கொண்டு அது பதில் சொல்கிறது. கடிதம் எழுதும், கணக்கை விளக்கும், ஆங்கிலத்தைத் தமிழாக்கும். ஆனால் தெரியாததையும் தெரிந்ததைப் போலவே அழுத்தமாகச் சொல்லும்.

ஓர் உதாரணம் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய் ஆகியவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், சோப்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அதற்கு முன் பழக்கப்பட்ட இயந்திரம் பழைய விகிதத்தையே சொல்லக்கூடும். அதை நம்பி பில் போட்டால் வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் வரும். கூடுதலாக வாங்கிய வரியை அரசுக்கும் கட்டியாக வேண்டும். ஆகவே இயந்திரத்தைக் கேட்பவருக்கு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பில் இதன் நன்மையும் தீமையும்

வகுப்பில் அறுபது பேர் இருந்தால் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்க முடியாது. இயந்திரமோ ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. கூட்டத்தில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் பெண்பிள்ளைக்கு இது பெரிய உதவி. வீட்டில் இருந்தபடியே, தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. துருக்கி நாட்டில் சுமார் 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் இயந்திரத்துடன் கணக்குப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சியின்போது மற்றவர்களைவிட 48 சதவீதம் அதிக மதிப்பெண் பெற்றார்கள். இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோதோ, அதை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் குறை பெரும்பாலும் நேரவில்லை.

இதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். கால்குலேட்டர் இல்லாமல் கூட்டல் போடத் தெரியாத பையனைக் கல்லாவில் உட்காரவைக்க நாம் தயங்குவோம் அல்லவா? பிள்ளைகளிடம், "விடையைக் கேட்காதே, வழியைக் கேள்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெண்களை ஏன் குறிப்பாகச் சொல்கிறோம்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம்; பெண்களில் 33 சதவீதமே. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. மகனுக்குப் பத்தாம் வகுப்பிலேயே போன் வாங்கித் தருகிறோம். பி.காம். முடித்த மகளிடம் "உனக்கு எதற்கு?" என்கிறோம்.

மதியம் நாம் சாப்பிடப் போகும்போது கல்லாவில் யார் அமர்கிறார்கள்? கடன் நோட்டில் யாருடைய பாக்கி எவ்வளவு என்று யாருக்கு நினைவிருக்கிறது? பெரும்பாலும் வீட்டு அம்மாதான். ஆனால் வங்கிக் கணக்கின் கடவுச்சொல், ஜி.எஸ்.டி. தளத்தின் கடவுச்சொல், மொத்த வியாபாரியின் நிலுவை ஆகியவை அவருக்குத் தெரியாது. கடைக்காரர் திடீரென்று படுத்துவிட்டாலோ, காலமாகிவிட்டாலோ என்ன நேர்கிறது? கொடுக்க வேண்டியவர் எல்லோரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். நமக்குத் தர வேண்டியவர் யார் என்று காட்டக் கணக்கு இல்லை. முப்பது ஆண்டு நடந்த கடை மூன்று மாதத்தில் மூடப்படுகிறது.

1989-லேயே தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அன்று மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை அளித்தது. 2005-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் மகள்களின் சம உரிமையைச் சட்டமாக்கியது. சட்டப்படி வாரிசாக இருப்பவருக்குத் தொழிலின் கணக்கைச் சொல்லித்தராமல் விடுவது எந்த வகையில் நியாயம்?

எதைக் கற்கலாம்?

முதலாவது, கணிப்பொறியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்தல், அட்டவணைக் கணக்குப் போடுதல். முன்பு தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வு எழுதிய எத்தனையோ பெண்கள் அந்த ஒரு திறமையால் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்று அந்த இடத்தில் இது இருக்கிறது.

இரண்டாவது, கொள்முதல் பில்லை ஜி.எஸ்.டி. தளத்திலுள்ள 2பி படிவத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல். சரக்கு அனுப்பியவர் தம் கணக்கில் அந்த பில்லைக் காட்டாவிட்டால், நாம் கட்டிய வரியை வரவு எடுக்க முடியாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். மாதம் ஒரு நாள் பொறுமையாகச் சரிபார்த்தால் மிச்சமாகும் பணம் சிறியதன்று.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவிடம் தெளிவாகக் கேட்கவும், அது சொல்வதைச் சரிபார்க்கவும் பழகுதல். மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுத, ஆங்கில நோட்டீஸின் பொருளை அறிய, ஆறு மாத விற்பனையைப் பார்த்துப் பண்டிகைக்கு எவ்வளவு வெல்லம் வாங்கலாம் என்று யோசிக்க இது உதவும். வரி விகிதத்தை அரசுத் தளத்தில் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது, எச்சரிக்கை. கடவுச்சொல், ஓ.டி.பி., வங்கிக் கணக்கு எண், வாடிக்கையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது.

எங்கே கற்கலாம்?

மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2025-ல் அறிவித்த இலவசச் செயற்கை நுண்ணறிவுப் பாடங்களில் ஒன்று, கணக்குப்பதிவியலில் அதன் பயன் பற்றியது. வணிகவியல் படித்த பெண்களுக்கு மிகவும் ஏற்றது. அடிப்படையிலிருந்து தொடங்குவோருக்கு மத்திய அரசின் நீலிட் நிறுவனத்தின் சி.சி.சி. என்னும் 80 மணி நேரப் படிப்பு உண்டு. கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தால், 2022-ல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் அவர் கல்லூரியில் என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரியுங்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

நம் சங்கக் கட்டடங்கள் பல ஊர்களில் கூட்டம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை கடையில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் இரண்டு கணிப்பொறிகள் வைத்து, கணக்கு அறிந்த ஒரு பெண் ஆசிரியையை அமர்த்தி, உறுப்பினர் குடும்பப் பெண்களுக்கும் கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் வகுப்பு நடத்தலாம். ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு பங்கு போதும்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கற்றுக்கொண்டு வரும் மகளிடமோ மனைவியிடமோ மனைவழி வேலையைப் போலக் கணக்கையும் சும்மா வாங்கிக்கொள்ளாதீர்கள். வெளியாளுக்குக் கொடுக்கும் கணக்குக் கூலியை அவர் பெயரில் வங்கியில் போடுங்கள். கடவுச்சொற்களை எழுதி, உறையிலிட்டு, எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இந்த மாதக் கொள்முதல் பில்களை அவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவே முதல் பாடமாக இருக்கட்டும்.