மழலையர் வகுப்பில் முதல் நாள்

மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பருவத்தைக் கல்வியின் அடித்தள நிலை என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 வகுத்துள்ளது. அதன் தொடக்கப் பகுதியாகக் கேந்திரிய வித்யாலயாக்கள் சிலவற்றில் 2022ஆம் ஆண்டு முதல் பாலவாடிகா என்னும் மழலையர் வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கு விளையாட்டும் பாட்டும் கதையுமே பாடம். பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் தாமே விரும்பிப் பிற மாணவர்கள் கற்க உதவுவதை அக்கொள்கை வரவேற்கிறது. ஆகவே, ஒரே வளாகத்தில் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாலவாடிகா ஆசிரியைக்குத் துணையாக ஒரு பாடவேளை சென்று வருவது எளிதில் நடக்கக் கூடியதே.

இது புதிய வழக்கமன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். ஆசிரியர் ஒருவரே இருந்தமையால், மூத்த மாணவன் ஒருவன் இளையோரை மேற்பார்த்தான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைத் திறம்பட நடத்தினான். 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆயினும், வீணாக அதிகாரம் செய்பவரைச் ‘சட்டாம்பிள்ளைத்தனம் செய்கிறார்’ என்று இன்றும் கூறுகிறோம். இளையோருக்கு உதவச் செல்பவர் அப்பெயரை வாங்காதிருப்பது நல்லது.

முதல் நாள் செல்லும் மாணவி எதையேனும் கற்பிக்க வேண்டும் என்ற ஆவலோடு செல்வாள். உண்மையில் அவளுக்குக் கிடைக்கும் வேலை வேறு. வண்ணக்கோல்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். கால் மாறி அணிந்த காலணியைச் சுட்ட வேண்டும். உணவுப் பெட்டிகளைத் திறக்கத் துணைசெய்ய வேண்டும். இவற்றுள் கடினமானது கடைசி வேலையே. இறுகிய மூடியை ஒரு நொடியில் அவளால் திறந்துவிட முடியும். ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் விரல்கள் வலுப்பெறுவது அந்த மூடியோடு போராடும்போதுதான். பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப்போவதும் அவ்விரல்களே. ஆதலால் மூடியின் ஒரு முனையைச் சற்றே தளர்த்திக் குழந்தையிடம் திருப்பித் தருவதே ஏற்ற உதவி. நின்றபடி பேசாமல், குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து அமர்ந்து பேசுவதும் அவ்வாறே பழக வேண்டிய ஒன்று. மூன்றடி உயரமுள்ள குழந்தைக்கு, நிற்பவரின் முகம் எட்டாத தொலைவில் உள்ளது.

தில்லி போன்ற நகரங்களில் இவ்வேலைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. தந்தையின் பணிமாற்றத்தால் சென்ற வாரம் அங்கு வந்து சேர்ந்த குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பில் கேட்பன இந்தியும் ஆங்கிலமும். அவனுக்குத் தெரிந்ததோ தமிழ் மட்டும். முற்பகலில் அவன் அழத் தொடங்குகிறான். ஆசிரியை அன்போடு அருகில் அமர்ந்து “க்யா ஹுவா?” என்கிறார். பொம்மையைக் கையில் கொடுக்கிறார். அழுகை கூடுகிறது. தாயை நினைத்து அழுகிறான் என்றே எவரும் கருதுவர். முதல் வாரத்தில் பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். மூலையில் வண்ணக்கோல் அடுக்கும் மாணவியின் காதில் மட்டும் விம்மலுக்கிடையே ஒரு சொற்றொடர் விழுகிறது: “ஒண்ணுக்கு வருது.” வெகுநேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறான் அவன்.

அவள் ஆசிரியையிடம் செய்தியைச் சொல்கிறாள். வகுப்பின் உதவிப் பணியாளர் அவனை அழைத்துச் செல்கிறார். மாணவி தானே அழைத்துச் செல்லக் கூடாது. சிறு குழந்தையைப் பெரியவர்களின் பார்வையிலிருந்து தனியே கொண்டுபோகாதிருத்தல் இவ்வகுப்புகளில் கைக்கொள்ள வேண்டிய விதி. அது குழந்தைக்கும் காப்பு, உதவ வந்தவருக்கும் காப்பு.

வீட்டில் மட்டும் பேசும் மொழி பள்ளியில் எதற்குப் பயன்படும் என்று வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கேட்பதுண்டு. அன்று அவ்வகுப்பறையில் அம்மொழி அறிந்த இரண்டாமவர் ஒருவர் தேவைப்பட்டார். வேறெந்தத் தேர்ச்சியும் அங்கு உதவியிருக்காது.

ஆனால் இதன் பின்னரே உண்மையான சிக்கல் எழுகிறது. தன் மொழி பேசும் அக்காவைக் கண்டுகொண்ட சிறுவன், அவள் துப்பட்டாவை விடுவதில்லை. மற்றக் குழந்தைகள் ‘தீதி, தீதி’ என்று அழைக்க, அவன் மட்டும் ‘அக்கா’ என்கிறான். எல்லாவற்றையும் அவளே மொழிபெயர்த்துக் கொண்டிருந்தால், அவள் வராத நாளில் அவன் மீண்டும் ஊமையாவான். தமிழிலேயே பேசாமல் விட்டாலோ, அன்று கிடைத்த துணிவும் போய்விடும். ஆதலால் அவள் இரு சொற்களையும் இணைத்தே சொல்லலாம். அவன் “தண்ணி” எனும்போது, “தண்ணியா? பானி. மிஸ்கிட்ட பானின்னு கேளு” என்று சொல்லி, அவன் கேட்கும் வரை அருகில் நிற்கலாம். கேட்டுப் பெற்றதும் சற்று விலகி அமரலாம். அடுத்திருக்கும் குழந்தை அவனுக்கு வண்ணக்கோலை நீட்டினால், அதற்குள் அவள் குறுக்கிடத் தேவையில்லை. ஒரே சிவப்புக் கோலுக்காகச் சண்டையிடவும் சமாதானமாகவும் அவ்வயதில் மொழி மிகுதியாக வேண்டியதில்லை.

பாடவேளை முடியும் முன் ஆசிரியையின் கையில் ஒரு சிறு தாளைக் கொடுப்பது பயனுள்ளது. தண்ணி, பசி, வலி, ஒண்ணுக்கு என்னும் நான்கு தமிழ்ச் சொற்கள் அதில் தேவநாகரி எழுத்தில் இருந்தால் போதும். ஆசிரியை அதைத் தம் மேசையில் ஒட்டி, ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பார். ‘வலி’ என்பது ‘வாலி’ என்று நீண்டு ஒலிக்கும். சிறுவன் சிரித்துவிட்டுத் திருத்துவான். அதற்குள் மணி அடித்துவிடும். மாணவி தன் கணித வகுப்பிற்கு ஓட வேண்டும்.