சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசலாமா?

மெரினா பக்கம் போகிறவர்களுக்கு செனட் ஹவுஸை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ராபர்ட் சிஷோமின் வடிவமைப்பில் 1874-ல் தொடங்கி 1879-ல் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழக மண்டபம். 1937-ல் மாகாண சட்டசபையே சில மாதம் இங்கேதான் கூடியது. பல்கலைக்கழகத்தின் 150-வது ஆண்டையொட்டி அதைப் புதுப்பித்தார்கள்.

இப்படிப்பட்ட பழைய கல்விக் கட்டடங்களில் அலுவலகம் நடத்தலாமா? தாராளமாக நடத்தலாம். ஆள் புழங்காத கட்டடம்தான் சீக்கிரம் பாழாகும். என் கவலையெல்லாம் அலுவலகத்தோடு சேர்ந்து வந்து இறங்கும் சிமென்ட் மூட்டைமேல்தான்.

அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். விரிசலை மறைக்கச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். சில மழைக்காலம் போனதும் பூச்சு பொருமும். பெயர்த்துப் பார்த்தால் செங்கல் மாவாக உதிரும்.

மேலே மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேக்கு உத்தரங்கள்மேல் சிறு செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லியைப் பரப்பி இடித்து, தட்டோடு பதித்த வேலை அது. ஏ.சி.க்காக அதன் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் ஒழுகுவதும் தெரியாது, உத்தரம் உளுப்பதும் தெரியாது, பழைய ஒயர் கருகினாலும் தெரியாது. செனட் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே, அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பிறகு அந்த மகாலை மீட்டெடுத்தார்கள். இன்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. மனம் வைத்தால் முடிகிறது.

சுண்ணாம்பு வேலைக்குச் செலவும் நாளும் கூடுதல் என்று பொறியாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிய பயம் ஆளைப் பற்றியது. சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைக்க வேண்டும். கலவை பதமாகிவிட்டதா என்று கரண்டியில் எடுத்துப் பார்த்தே சொல்லும் கொத்தனார்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். கூலி அங்கேதான் உடனே கிடைக்கிறது. இந்தக் கைப்பழக்கம் போய்விட்டால், கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கினாலும் பூச ஆள் இருக்காது.

பழைய கட்டடத்துக்கு டெண்டர் விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்பு வேலைக்குத் தனிக் கூலியும் போதிய அவகாசமும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு மூத்த கொத்தனாரோடும் இரண்டு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள்.