மணத்தோழியர்: ஒரு நகைச்சுவைப் படத்தின் உட்பொருள்



காதலைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே இயங்குகின்றன. நாயகிக்கு நாயகன் கிட்டுவானா என்பதே அவ்வினா. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'பிரைட்ஸ்மெயிட்ஸ்' என்னும் படமோ வேறொரு வினாவை எழுப்புகின்றது. இளமை முதல் உடனிருந்த தோழிக்குத் திருமணம் நிச்சயமாகும்போது, தனித்து நிற்பவளின் நிலை யாது?

படத்தின் பெயருக்கு மணத்தோழியர் என்பது பொருள். அமெரிக்க வழக்கத்தில் மணமகள் தனக்கு நெருங்கிய பெண்கள் சிலரை மணத்தோழியராகத் தெரிந்துகொள்வாள். அவருள் ஒருத்தியைத் தலைமைத் தோழியாக்குவாள். அது பெருமைக்குரிய இடமே. ஆயினும் பெருமையுடன் செலவும் சேர்ந்து வரும். மணத்துக்கு முந்திய விருந்துகளை ஒழுங்குசெய்யும் பொறுப்புப் பெரும்பாலும் தலைமைத் தோழியைச் சாரும். மணத்தோழியர் அணியும் ஆடையின் விலையையும் பொதுவாக அவரவரே கொடுத்தல் வேண்டும். இதனை அறிந்துகொண்டாற்றான் இப்படத்தின் சிரிப்பும் துயரும் நமக்கு விளங்கும்.

கதாநாயகி ஆனி, மில்வோக்கி நகரில் இனிப்பப்பக் கடை வைத்திருந்தவள். பொருளாதார நெருக்கடியிலே கடை மூடப்பட்டது, கைப்பொருளும் கரைந்தது. அவளைத் தலைமைத் தோழியாக இருக்கும்படி மணமகள் லிலியன் வேண்டுகின்றாள். அங்கே செல்வச் சீமாட்டியான ஹெலன் குறுக்கிடுகின்றாள். ஆனியால் இயலாத அனைத்தும் ஹெலனால் எளிதில் இயலும்.

இப்படத்தில் நாணத்தை ஒதுக்கிவைத்த பேச்சும் காட்சிகளும் மிகுதி. அமெரிக்காவிலே 17 வயதுக்குட்பட்டோர் பெற்றோரோ பாதுகாவலரோ உடனின்றிப் பார்க்கலாகாது என்னும் தரம் இதற்கு வழங்கப்பட்டது. இத்துணைக் கரடுமுரடு எதற்காக? ஒவ்வொரு காட்சியிலும் ஒருத்தி எதையோ மறைக்க முயல்கின்றாள் என்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும்.

தன்னை மதியாத ஒருவனுடன் இரவைக் கழித்த ஆனி, அவன் கண்விழிக்குமுன் எழுந்து முகத்தை ஒப்பனை செய்துகொண்டு, மீண்டும் படுத்து உறங்குவதுபோல் நடிக்கின்றாள். அவனோ அவளை வெளியே அனுப்பிவிடுவதிலேயே கருத்தாயிருக்கின்றான். பிறிதொரு நாள், அவள் தெரிந்தெடுத்த உணவகத்தில் உண்டபின், விலையுயர்ந்த ஆடையகத்திலே ஹெலன் நீங்கலாகத் தோழியர் யாவரும் வயிற்றுக் கோளாறினால் அல்லலுறுகின்றனர். முகமெல்லாம் வியர்க்க நிற்கும் ஆனியோ, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதித்து, ஹெலன் நீட்டிய இனிப்பு வாதுமையையும் வாங்கி உண்கின்றாள். விமானப் பயணத்திலே ஏனையோர் முதல் வகுப்பில் அமர, ஹெலன் கொடுக்க முன்வந்த பணத்தை மறுத்துத் தான் மட்டும் சாதாரண வகுப்பில் அமர்கின்றாள்.

உடல் பொய் சொல்லாது. வாய் மறைப்பதை வயிறும் வியர்வையும் வெளிப்படுத்திவிடுகின்றன. வறுமையை உற்ற தோழியிடமும் ஒளிக்கும் மானமே இங்கு நகைப்புக்கு உள்ளாகின்றது. நாம் சிரிக்கின்றோம், சிரித்த மறுகணமே நம்முள் ஏதோ உறுத்துகின்றது.

செல்வமுடைய ஹெலனும் மறைப்பவளே. தனக்கு உண்மைத் தோழியர் எவருமிலர் என்பதை அவள் கண்ணீருடன் ஒப்புக்கொள்ளும் இடத்திலே, பகை இரக்கமாக மாறுகின்றது. திருமண நாளன்று மணமகளும் வீட்டினுள் ஒளிந்துகொள்கின்றாள். அவளைத் தேடிச் சென்று தேற்றுபவள் ஆனியே.

காதலும் கதையில் உண்டு. ஆனியின் வண்டியிலே பின்விளக்கு எரியவில்லை என்று தடுத்து நிறுத்திய காவலர் ஒருவர் அவள்மீது அன்பு கொள்கின்றார். விளக்கைத் திருத்துமாறு அவர் பலமுறை கூறியும் அவள் காலந்தாழ்த்துகின்றாள். தன் வாழ்வைத் தானே சீர்செய்ய முற்படும்போதுதான் அவ்விளக்கும் சீராகின்றது.

இப்படத்துக்கு உரையாடலும் கதையும் எழுதியோர் கிறிஸ்டன் விக், அனி மமோலோ என்னும் இரு பெண்கள். முன்னவரே ஆனியாகவும் நடித்தார். இயக்கியவர் போல் பீக். பெண்கள் முதன்மை பெறும் இத்தகைய படம் பெருவருவாய் ஈட்டாது என்னும் எண்ணம் அந்நாளில் ஹாலிவுட்டிலே வலுவாக இருந்தது. சுமார் 3 கோடி 25 இலட்சம் டொலர் செலவில் உருவான இது, உலகெங்கும் 28 கோடி டொலருக்கு மேல் ஈட்டி அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. 2012ஆம் ஆண்டு ஒஸ்கார் விருதுக்குத் திரைக்கதையும், மேகனாக நடித்த மெலிசா மக்கார்த்தியின் நடிப்பும் பரிந்துரைக்கப்பட்டன.

நட்பை முறிப்பது வறுமையன்று. அதனை நண்பரிடமும் மறைக்கத் தூண்டும் நாணமே. எள்ளி நகையாடும் இப்படம் நமக்கு இறுதியில் உணர்த்துவது இதுவேயாம்.