நாட்டுத்துப்பாக்கிச் சொற்கள்

துப்பாக்கி என்னும் சொல் தமிழன்று. துருக்கி மொழியில் தோன்றி, இடைப்பட்ட மொழிகளின் வாயிலாக ஈண்டுப் புகுந்தது அது. வான்சிறப்பு அதிகாரத்துக் குறளொன்றில் இவ்வெழுத்துத்தொடர் அமைந்திருத்தல் கண்டு மயங்குவாரும் உளர். ஆண்டு அஃது உணவை உண்டாக்கி என்னும் பொருட்டாய தொடரே. பீரங்கியும் அயற்சொல்லே, ஐரோப்பியர்க்குப் பாரசீகர் இட்ட பெயர் அவர்தம் படைக்கலத்திற்கு ஆகிவந்தது.

எனின், கருவியின் பெயர் அயலாக, குழல், கட்டை, குதிரை, பற்றுவாய், மருந்து, குண்டு, கெட்டித்தல் என அதன் உறுப்பும் தொழிலும் பற்றிய சொற்கள் தமிழாய் நிற்றல் எங்ஙனம்?

விடை ஊர்க்கொல்லன் உலைக்களத்தில் உள்ளது. நாட்டுத்துப்பாக்கி ஒவ்வொரு முறை சுடுமுன்னும் வாய்வழியே நிரப்பப்பட வேண்டுவது. மருந்தைக் கொட்டி, நாரையோ கந்தலையோ அடைத்துக் கோலால் இடித்து இறுக்குதலே கெட்டித்தல். ஈயம் கிட்டாதவிடத்து இரும்புத் துணுக்கும் குண்டாயிற்று. ஒடிந்த உறுப்பை, ஏர்க்கொழுவை அடிக்கும் அதே சம்மட்டியால் கொல்லன் அடித்துக் கொடுத்தான். கையிலுள்ள கருவியே போல வாயிலுள்ள சொல்லும் அவனுக்குப் போதியதாயிற்று என்க.

இவற்றுள் மருந்து என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவர் கையாளும் சரக்குகள். ஆதலின் அப்பெயர் இயல்பாக எழுந்ததெனக் கூறத் தோன்றும். ஆயின் தெலுங்கின் மந்து, கன்னடத்தின் மத்து, பாரசீகத்தினின்று இந்துஸ்தானிக்கு வந்த தாரு ஆகியனவும் இவ்விரு பொருளையும் தருவன. சீனரும் தீமருந்து எனப் பொருள்படும் சொல்லையே வழங்குவர். சாவாமருந்து தேடிய அந்நாட்டு இரசவாதியர் கைப்பட்டதன்றோ அப்பொடி! குதிரையும் இத்தகையதே. இந்துஸ்தானியில் கோடா என்பது குதிரையையும் துப்பாக்கியின் அவ்வுறுப்பையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலரும் செருமானியரும் அதனைச் சேவல் என்பர். எனவே ஒலியால் தமிழாயினும் கருத்தால் இவை மொழிபெயர்ப்பாதல் கூடும். இச்சொற்களின் தூய்மையைக் கொண்டு பண்டைத் தமிழர் வெடிபடை உடையர் என நாட்டப் புகுவார் கூற்றை நாம் ஏலாமைக்கு இதுவே காரணம்.

தோட்டாவோ, ஆக்கப்பட்ட பொருளாகவே வந்தமையின் தன் அயற்பெயரோடு நின்றது. அது நாட்டுத்துப்பாக்கிக்கு வேண்டாதது. அது வழங்குமிடத்துக் கெட்டித்தல் என்னும் வினைக்கு வேலை இல்லை. ரவை என்னும் சிற்றீயமணிப் பெயரும் வடநாட்டு வரவே.

பாஞ்சாலங்குறிச்சி 1801 மே திங்களில் வீழ்ந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த ஆளுநர் அறிக்கை தென்பாளையங்களில் படைக்கலம் தாங்குதலை விலக்கிற்று. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் எஞ்சிய துப்பாக்கிகளை உரிமச்சீட்டுக்கு உட்படுத்திற்று. அதன்பின் இச்சொற்கள் மலைவாழ்நரிடத்தும் நரிக்குறவரிடத்துமே பெரிதும் தங்கின. அகராதிகள் குதிரைக்கும் பற்றுவாய்க்கும் ஒருவரிப் பொருள் தந்து அமைந்தன. அச்சொற்கள் எவ்வுறுப்பை, எத்தொழிற்கண் குறித்தன என்பதைச் சொல்லவல்ல முதியோர் இன்றும் சிலர் உளர். அவர்பாற் சென்று கேட்டெழுதுதல் முதுகலை மாணவர்க்கு ஓராண்டுப் பணியாகும்.