ஸ்டம்புக்குப் பின்னால் வாங்க!

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடந்தால், சுற்றி நிற்கிற கூட்டத்தின் கண் பேட் பிடித்திருப்பவன் மேல்தான் இருக்கும். மிச்சம் மீதி இருந்தால் பந்து போடுகிறவனுக்கு. ஸ்டம்புக்குப் பின்னால் ஒருத்தன் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுந்துகொண்டிருப்பான். அவன் கேட்சை விட்டால்தான் அங்கே ஒருத்தன் நிற்பதே ஊருக்குத் தெரியும். இன்றைக்கு நாம் போகப்போவது அங்கேதான். எல்லைக்கோட்டைத் தாண்டி நேராக உள்ளே போய், கீப்பரின் தோளுக்குப் பின்னாலிருந்து மேட்ச் பார்க்கப்போகிறோம். நம்மை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறவர் யார் தெரியுமா? இந்திய அணிக்குக் கீப்பராக நின்ற தினேஷ் கார்த்திக். நம்ம டிகே!

ஏன் அவர் என்றால், அவர் நம்ம பக்கத்துக்கே வந்து போனவர். மஞ்சவாடி கணவாயைத் தாண்டி சேலம் போய், அங்கிருந்து தாரமங்கலம் பக்கம் திரும்பினால் சின்னப்பம்பட்டி. யார்க்கர் நடராஜன் ஊர். தறி ஓடுகிற ஊரில் டென்னிஸ் பாலில் ஆரம்பித்து இந்திய அணி வரை போன நடராஜன், தன் சொந்த ஊரில் பசங்களுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023 ஜூனில் அதைத் திறந்து வைக்க அவர் அழைத்தது கார்த்திக்கைத்தான். இரண்டு பேரும் தமிழ்நாட்டு அணியில் ஒன்றாக ஆடியவர்கள். பேட்ஸ்மேன் காலடியில் விழுகிற அந்த யார்க்கர், பேட்டையும் ஸ்டம்பையும் தவறவிட்டு வந்தால் யார் கைக்குப் போகும்? கீப்பர் கைக்குத்தான்!

முதலில் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம். கீப்பரின் பை மற்றவர்கள் பையைவிட எப்போதும் கனம். பேட், பேடு, ஹெல்மெட் என்று எல்லாரிடமும் இருப்பதற்கு மேல், கீப்பிங்குக்கென்று குட்டையான பேடு தனி, பெரிய கிளவுஸ் தனி. அந்தக் கிளவுஸை வெறுங்கையில் மாட்டுவதே கிடையாது. பலர் முதலில் விரல் நுனிகளிலும் கணுக்களிலும் டேப் சுற்றுவார்கள். மேலே மெல்லிய உள் கிளவுஸ். அதற்கும் மேலேதான் ரப்பர் உள்ளங்கை வைத்த அந்தப் பெரியது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன வலைத்தோல் இருக்கலாம், மற்ற விரல்களுக்கு நடுவில் கூடாது. விதியே அப்படி. இவ்வளவு மாட்டிக்கொண்டும் ரிட்டையர் ஆன கீப்பர்களின் விரல்களைப் பாருங்கள், நேராக இருக்கிற விரலைத் தேட வேண்டியிருக்கும்.

டெஸ்ட் மேட்ச் என்றால் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. 540 தடவை குந்தி எழ வேண்டும்! எழுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கிற கீப்பர் பந்துக்கு முன்னால் எழுந்துவிட்டால் கதை முடிந்தது, பந்து கிளவுஸுக்குக் கீழே புகுந்து பைஸ் போய்விடும். பந்து தரையில் பட்டு எழும்போது கூடவே எழ வேண்டும். விரல் நுனி பந்தை நோக்கி நீட்டி நிற்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். செங்கல் லோடு இறக்கும்போது மேலிருந்து வருகிற கல்லைக் கீழே நிற்பவர் கையைப் பின்னால் தணித்து வாங்குவாரே, பந்தையும் அப்படித்தான் வாங்க வேண்டும். அதற்குள் பேட்ஸ்மேனின் கால் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று ஓரக்கண் பார்த்தாக வேண்டும். இருந்தால், வாங்கிய வேகத்திலேயே பெயில்ஸ் பறக்க வேண்டும். கண் சிமிட்டுகிற நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிற வேலை இது. டிவியில் ஸ்லோ மோஷனில் பார்த்தால்தான் நமக்கே புரிகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வரலாமா? அமெரிக்காவின் பேஸ்பாலில் இதே வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறார், கேட்சர். முகத்துக்கு இரும்புக் கம்பி முகமூடி, மார்புக்குக் கவசம், ஒரே கையில் பெரிய கிளவுஸ். சுமார் 18 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வருகிற பந்தை வாங்குகிறவர். அடுத்த பந்து என்ன மாதிரி வர வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவில் விரலால் ரகசியச் சைகை காட்டுவதும் அவர்தான். அந்த ஆட்டம் கண்ட மகத்தான கேட்சர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள்: யோகி பெர்ரா! அசல் பெயர் லாரன்ஸ். இளவயதில் ஒரு நண்பர் இந்தியாவைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தாராம். கையையும் காலையும் மடக்கி இவர் உட்காருகிற தோரணை அந்தப் படத்தில் வந்த யோகியைப் போலவே இருக்கிறது என்று அவர் வைத்த பட்டப்பெயர் அது. சின்ன லீக்கில் நார்ஃபோக் அணி, பிறகு இரண்டாம் உலகப் போரில் கடற்படை, திரும்பி வந்து நியூவர்க் அணி என்று படிப்படியாக ஏறி 1946இல் நியூயார்க் யாங்கீஸ். அங்கே 10 முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றார். நம்ம ஊர் யோகியின் பேர் அமெரிக்க மைதானங்களில் அத்தனை வருஷம் ஒலித்திருக்கிறது, என்ன சொல்ல!

அமெரிக்காவில் சின்ன லீக், பெரிய லீக் என்று படி இருப்பதுபோல நமக்கும் இருக்கிறது. சென்னை லீக், மாநில ஜூனியர் அணி, ரஞ்சி, பிறகு இந்தியா. கார்த்திக் 1985 ஜூன் 1 அன்று சென்னையில் பிறந்தவர். சிறுவயதில் சில காலம் குவைத்தில் வளர்ந்து, சென்னை திரும்பி, அப்பா கொடுத்த பயிற்சியில் கிரிக்கெட்டுக்குள் வந்தார். 2002இல், 17 வயதில், தமிழ்நாட்டுக்காக ரஞ்சி. 2004இல் அண்டர்-19 உலகக் கோப்பை. அதே வருஷம் செப்டம்பர் 5, லண்டன் லார்ட்ஸ் மைதானம், இந்திய அணியில் முதல் ஒருநாள் ஆட்டம்! பேட்டிங்கில் எடுத்தது ஒரே ஒரு ரன். ஆனால் ஹர்பஜன் பந்தில் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வானை அவர் பாய்ந்து ஸ்டம்பிங் செய்தாரே, 19 வயசுப் பையன் லார்ட்ஸில் செய்த அந்த வேலையை இப்போது பார்த்தாலும் கை தட்டத் தோன்றுகிறது. நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகமும் ஆனது. பந்து கன்னாபின்னா என்று திரும்பிய அந்த ஆடுகளத்தில் இந்தியா 13 ரன்னில் வென்றது.

ஏறுமுகம்தான் என்று நினைப்பீர்கள். இங்கேதான் கீப்பர் வேலையின் கொடுமை இருக்கிறது. அணியில் பேட்ஸ்மேனுக்கு ஆறு இடம், பவுலருக்கு நாலு, ஐந்து. கீப்பருக்கு ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர் எத்தனை திறமைசாலியானாலும் வெளியேதான். 2004 டிசம்பரில் ஒருநாள் அணிக்குள் நீண்ட முடியோடு ஒருவர் வந்தார், பெயர் மகேந்திர சிங் தோனி. ஒரு வருஷம் கழித்து, 2005 டிசம்பரில், தோனிக்கு டெஸ்ட் அறிமுகம். எந்த மைதானத்தில்? சேப்பாக்கத்தில்! கார்த்திக் வளர்ந்த ஊரிலேயே அவருடைய கிளவுஸ் இன்னொருவர் கைக்குப் போனது. எனக்கு இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

வேறு யாராவது என்றால் ஓய்ந்திருப்பார்கள். கார்த்திக் என்ன செய்தார் தெரியுமா? அணிக்குள் நுழைய வேறு வாசல்களாகத் தேடித் தட்டினார். 2006 டிசம்பர் 1, ஜோகன்னஸ்பர்க், இந்தியா ஆடிய முதல் டி20 சர்வதேச ஆட்டம். கீப்பர் தோனி, ஆட்ட நாயகன் கார்த்திக்! 2007இல் இங்கிலாந்து டெஸ்ட் தொடர். ஓப்பனராக இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். 263 ரன், அந்தத் தொடரில் இந்தியர்களில் அதிகம் எடுத்தவர் அவர்தான், சச்சினும் டிராவிடும் இருந்த அணியில்! 1986க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. அதே வருஷம் டி20 உலகக் கோப்பையில் ஸ்லிப்பில் நின்று தென்னாப்பிரிக்காவின் கிரீம் ஸ்மித்தைப் பறந்து பிடித்தார். கிளவுஸ் இல்லாத கையிலும் கீப்பரின் கண் இருக்கிறதே!

அப்புறம் நீண்ட இடைவெளி. 2010 ஜனவரியில் டெஸ்ட் ஆடியவர் அடுத்த டெஸ்டை 2018 ஜூனில்தான் ஆடினார். நடுவில் இந்தியா 87 டெஸ்ட் ஆடி முடித்திருந்தது. அந்த வருஷங்களில் ரஞ்சி, ஐபிஎல் என்று நிற்காமல் ஆடினார். மும்பை ஆல்ரவுண்டர் அபிஷேக் நாயரிடம் போய்ப் பயிற்சி எடுத்துத் தன் பேட்டிங்கையே பிரித்து மாட்டினார்.

இப்போது கொழும்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும், அவசரப்பட முடியாது! 2018 மார்ச் 18, பிரேமதாச மைதானம், நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே வங்கதேசம். தோனிக்கு ஓய்வு என்பதால் கீப்பர் கார்த்திக். 20 ஓவர் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுந்துவிட்டுத்தான் பேடு கட்டி உட்கார்ந்திருக்கிறார். விக்கெட் விழுகிறது, கேப்டன் ரோகித் சர்மா அவரை அனுப்பவில்லை, விஜய் சங்கரை அனுப்புகிறார். உட்கார்ந்திருக்கிறவருக்குச் சங்கடம்தான். கடைசியில் அவர் உள்ளே போகும்போது 12 பந்தில் 34 ரன் வேண்டும்.

ருபெல் ஹொசைன் ஓவர். சந்தித்த முதல் பந்தே சிக்ஸ்! அடுத்தது ஃபோர். அடுத்தது மறுபடி சிக்ஸ். ஒரு பந்து வீண், ஒன்றில் இரண்டு ரன், கடைசியில் ஒரு ஃபோர். ஒரே ஓவரில் 22! கடைசி ஓவரில் 12 வேண்டும், பந்து சௌமியா சர்க்கார் கையில். வைடு, ஒரு டாட், ஒன்று, ஒன்று, விஜய் சங்கர் ஒரு ஃபோர். ஐந்தாவது பந்தில் சங்கர் தூக்கி அடித்துக் கேட்ச் ஆகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே இருவரும் ஓடிக் குறுக்கே கடந்துவிட்டார்கள். ஆகவே கடைசிப் பந்துக்கு கார்த்திக் எதிரே! விதி 2022இல் மாறிவிட்டது. இன்றைக்கு அதே மாதிரி நடந்தால் புதிதாக வரும் பேட்ஸ்மேன்தான் அந்தப் பந்தை ஆட வேண்டும். அன்றைக்கு அப்படி வந்து நின்றவர் யார்? வாஷிங்டன் சுந்தர். அவுட் ஆனவர், அடிக்கப் போகிறவர், புதிதாக வந்தவர், மூன்று பேரும் தமிழ்நாடு! ஒரு பந்து, ஐந்து ரன். எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே தட்டையாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பறந்து, கயிற்றைத் தாண்டி விழுந்தது பாருங்கள் அந்த சிக்ஸ்! 8 பந்தில் 29 ரன், நாட் அவுட். அன்று ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் டிவி முன்னால் கூச்சல் கிளம்பியிருக்கும்!

அதன் பிறகும் அவர் கதை அடங்கவில்லை. 2021 ஜனவரியில் அவர் கேப்டன்சியில் தமிழ்நாடு சையது முஷ்டாக் அலி கோப்பையை வென்றது. அதே வருஷம் இங்கிலாந்தில் மைக் பிடித்து வர்ணனை செய்தார். சரி, வர்ணனையாளர் ஆகிவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டியபோது, 2022 ஐபிஎல்லில் பெங்களூருக்காக கடைசி ஓவர்களில் இறங்கி 330 ரன் விளாசினார். 100 பந்துக்கு 183 ரன் என்கிற வேகம்! ஜூனில் ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55. டி20 சர்வதேச ஆட்டங்களில் அவருடைய முதல் அரைசதம் அது, அறிமுகமாகி 15 வருஷத்துக்கு மேல் கழித்து. அந்த வருஷமே 37 வயதில் உலகக் கோப்பைக்குப் போனார். 2024இல் 257 ஐபிஎல் ஆட்டங்களோடு ஓய்வு. உடனே பெங்களூரு அணியின் பேட்டிங் கோச் ஆனார், 2025 ஜூன் 3 அன்று அந்த அணி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அடேங்கப்பா!

இனி நம்ம ஊருக்குத் திரும்புவோம். இங்கே வாணியாறு அணைப் பக்கத்து ஊரானாலும் சரி, பொம்மிடிப் பக்கமானாலும் சரி, டென்னிஸ் பால் மேட்ச்சில் கீப்பர் கிளவுஸ் இல்லாமல்தான் நிற்கிறான். பேட்டிங் வராதவனை, பவுலிங் தெரியாதவனை, வயசில் சின்னவனை அங்கே நிறுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. இது தப்பு என்று அடித்துச் சொல்வேன். பந்தைக் கடைசி வரை பார்க்கிறவனும், ஃபீல்டர் எங்கே நகர வேண்டும் என்று சொல்லக்கூடியவனும், நாள் முழுக்கக் குரல் கொடுக்கிற தெம்பு உள்ளவனும் நிற்க வேண்டிய இடம் அது. சேலம் பக்கம் வாழப்பாடியில் இன்று டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கிற பெரிய மைதானமே இருக்கிறது. நம்ம பசங்களுக்கு ஸ்டிச் பால் கிரிக்கெட் முன்புபோல எட்டாத தூரத்தில் இல்லை.

டோர்னமென்ட் நடத்துகிற அண்ணன்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சிறந்த பேட்ஸ்மேன், சிறந்த பவுலர், தொடர் நாயகன் என்று பரிசுகளை அச்சடிக்கிறீர்கள் அல்லவா? அடுத்த நோட்டீஸில் சிறந்த கீப்பர் என்று ஒரு வரி சேருங்கள். கோப்பை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கூடவே ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் கொடுங்கள்.