பூர்வகுடி உரிமை: ஐ.நா. பிரகடனமும் கனடாவின் சட்டமும்

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே: அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. பூர்வகுடிகளின் மண்ணில் வந்தேறிகள் எழுப்பிய நாடுகள்தாம் நான்கும். அம்மக்களின் நிலத்தையோ வளத்தையோ தொடும் திட்டம் எதுவானாலும், வற்புறுத்தாமல், முன்கூட்டியே, முழு விவரம் சொல்லி அவர்களது ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்ற விதி அவற்றை உறுத்தியதில் வியப்பில்லை.

பிரகடனம் ஒப்பந்தம் அல்ல; எந்த அரசையும் தானாகக் கட்டுப்படுத்தாது. அதற்கு உள்நாட்டுச் சட்டம் வேண்டும். பொலிவியா அதே ஆண்டு சட்டம் இயற்றிவிட்டது. கனடா 2016-இல்தான் பிரகடனத்தை நிபந்தனையின்றி ஏற்றது. க்ரீ இனத்தவரான எம்.பி. ரோமியோ சகனாஷ் கொண்டுவந்த தனிநபர் மசோதா மக்களவையைத் தாண்டியும் 2019-இல் செனட்டில் காலாவதியானது. அந்த ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், 2021-இல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தன. இரண்டும் சொல்வது ஒன்றே: பூர்வகுடிகளோடு கலந்துபேசி மற்றச் சட்டங்களைப் பிரகடனத்துக்கு இசையத் திருத்த வேண்டும், செயல்திட்டம் வகுக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். 2023-இல் வெளியான மத்தியச் செயல்திட்டத்தில் 181 நடவடிக்கைகள் உள்ளன.

தாளில் இருப்பது நடைமுறைக்கு வந்ததா என்பதற்கு உரைகல் சுரங்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கே கிரீக் தங்கச் சுரங்கத்துக்கு டால்டான் பூர்வகுடி மக்களின் ஒப்புதலும் தேவை என்று 2022-இல் ஒப்பந்தமானது. ஆனால் அதே மாகாணத்தில், சிறு கட்டணம் செலுத்தி இணையவழியே எவரும் கனிம உரிமையைப் பதிந்துகொள்ளலாம் என்ற பழைய முறையும் நீடித்தது. அந்த நிலத்துக்குரிய மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்ஹாலா பூர்வகுடி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். கலந்துபேசுவது அரசின் கடமை என்று 2023-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கடமையை அது அரசியல் சட்டத்திலிருந்தே எடுத்தது. 2019 சட்டம் பிரகடனத்தை மாகாணச் சட்டமாக்கவில்லை என்றும் சொல்லிவிட்டது. தீர்ப்பின்படி 2025 மார்ச் முதல், உரிமை வழங்குமுன் கலந்துபேசும் நடைமுறை வந்தது. சட்டம் பிறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அதுவும் நீதிமன்றம் நெருக்கிய பிறகு.

மேல்முறையீட்டில் 2025 டிசம்பரில் நிலைமை தலைகீழானது. 2019 சட்டத்தின் மூலம் பிரகடனம் மாகாணத்தில் உடனடிச் சட்ட வலு பெற்றுவிட்டது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அதைக் கேட்டதும் மாகாண முதல்வர் டேவிட் ஈபி, அந்தச் சட்டத்தையே திருத்தப்போவதாக அறிவித்தார்.